கோப்பைத் தொகுதியின் கௌரவ உறுப்பினர்

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த பதினொரு வருடங்களில் தேவதாசன் நான்கு தேர்தல்களை நடத்திக் கொடுத்தார். ஒன்றிலும் வாக்களிக்கவில்லை. தேர்தல் கடமைக்குப் போகும் உத்தியோகத்தர்கள் தபாலில் வாக்களிக்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பார். கடைசி வருவதற்குள் முடிவுத் திகதி வந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதர் தன் முப்பத்தெட்டாவது வயதில், 1985ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்துச் சீன உணவகம் ஒன்றின் சமையலறையில், இறால் அப்பளத் தகரம் ஒன்றுக்குள் தன் முதலாவது வாக்கைப் போட்டார். ஏழு கிழமை கழித்து அதே தகரத்துக்குள் இரண்டாவதையும் போட்டார். இரண்டு தடவையும் அவர் தன் பெயரை எழுதவில்லை. முதல் தடவை எழுதாததற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை எழுதாததற்கு அதே மனைவி ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சிக் கொடுத்தார். ஓர் ஆளின் அரசியல் வளர்ச்சிக்கு ஏழு கிழமை போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தேவதாசனின் தகப்பனார் மானிப்பாய்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் உபதேசியார். அந்தச் சபையில் கமிற்றித் தெரிவு என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவருடைய பெயரை முன்மொழிந்தால் அவர் எழுந்து "நான் தகுதியில்லாதவன்" என்று சொல்ல வேண்டும். ஒருதரம் சொன்னால் அது அகந்தை. இரண்டுதரம் சொன்னால் பரவாயில்லை. மூன்றுதரம் சொன்னவரைத்தான் தலைவராக்குவார்கள். மூன்றாம் தரம் சொன்ன பிறகு யாராவது வந்து கையைப் பிடித்துக் குலுக்கினால் தெரிவு முடிந்தது. அதற்குமேல் மறுக்க முடியாது. தனக்குத் தானே கை உயர்த்திய ஒருவர் அந்தச் சபையின் வரலாற்றில் இருந்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகும் அவரைக் 'கைதூக்கி' என்றுதான் சொன்னார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

டென்மார்க்கிலும் தேவதாசன் இந்த வளர்ப்பை விடவில்லை. 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக மனைவி கிருபாமலருடன் வந்து இறங்கி, பதிவுகள் எல்லாம் முடிந்தபின், வேலை தேடிக் கொடுக்கும் கந்தோரில் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "பெரிதாக ஒன்றும் தெரியாது" என்றார், மரியாதைக்கு. கந்தோர்க்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த அறையில் அதே கேள்விக்குக் கிருபாமலர் தையல், ஆசிரியத் தொழில், பாட்டு, நூறு பேருக்குச் சமையல் என்று சொல்லி முடிக்கையில் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி இரண்டாவது தாள் எடுக்க வேண்டி வந்தது. கிருபாமலருக்குத் தையல் வகுப்பும் மொழிப் பாடசாலையும் கிடைத்தன. தேவதாசனுக்குத் 'தங்கக் கொக்கு' என்ற சீன உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது.

வேலையில் ஒரு குறையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

அந்த வருடம்தான் ஓல்போர்க்கில் இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, டெனிஷ் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் பின்மண்டபத்தில் தமிழ் ஆராதனை தொடங்கியிருந்தன. மண்டபம் ஞாயிறு பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் கிடைக்கும். கிருபாமலர் பாட்டு நடத்துவார். தபேலா தேவதாசனுடையது, பெர்லினில் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கி வந்தார். ஆனால் தங்கக் கொக்கில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். தபேலா மண்டபத்திலும் அதை அடிப்பவர் தொட்டியடியிலும் இருந்தார்கள்.

"உங்கட இடத்தில நேசராஜா அண்ணை பிஸ்கற் ரின்னில தட்டுறார்," என்றார் கிருபாமலர் ஒரு ஞாயிறு பின்னேரம். "நான் ரெண்டாம் சரணத்தில நிக்கிறன். அவர் பாட்டை முடிச்சுப்போட்டு வேர்வை துடைக்கிறார்."

"பாவம், மனுசன் விருப்பத்தோட செய்யுது."

"விருப்பத்தோட செய்யுறபடியால்தான் நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு. நீங்கள் முதலாளியிட்டக் கேட்டனீங்களோ?"

"ஒரு நல்ல நேரம் பாத்துக் கேக்க வேணும்."

"நாலு மாசமா நேரம் பாக்கிறியள். அந்தாளிட்டப் பொம்பிளை கேக்கவே போறியள்?"

உண்மையில் ஒருமுறை கேட்டிருந்தார். தேவதாசன் கேட்ட விதம் இது: "ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வேலை கூட, இல்லையா?" முதலாளி, "கோப்பை காத்திருக்காது" என்றார். தேவதாசன் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார். தன்னிடம் ஏதோ கேட்கப்பட்டது என்பதே முதலாளிக்குத் தெரியாது.

முதலாளியின் பெயர் லாவ். ஹொங்கொங்கில் கௌலூன் பக்கத்தைச் சேர்ந்தவர். பதினெட்டு வருடமாக ஓல்போர்க்கில். மைத்துனி ஒருத்தி வாரம் ஒருமுறை அங்கத்துப் பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். ஐந்து நாள் பழசான செய்தியை லாவ் அப்போதுதான் நடந்ததுபோல் வாசிப்பார். முந்தைய வருடம் டிசம்பரில் பிரித்தானியாவும் சீனாவும் கையெழுத்து வைத்து, 1997 ஜூலை முதலாம் திகதி ஹொங்கொங் கைமாறும் என்று முடிவாகியிருந்தது. லாவும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு கையெழுத்து வைத்திருந்தார்: 1988 ஜூலை முதலாம் திகதி தங்கக் கொக்கு அவருடைய மனைவியின் தம்பியும் தலைமைச் சமையற்காரருமான குவோக்கிடம் கைமாறும். இரண்டு கையெழுத்துக்கும் முன்னால் அங்கே இருந்த ஆட்களை யாரும் கேட்கவில்லை.

குவோக்கைப் பற்றி லாவுக்கு ஒரு பயம் இருந்தது. டெனிஷ்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் சிவப்பு இனிப்புக் குழம்பையும், ஐஸ்கிரீமோடு கொடுக்கும் பொரித்த வாழைப்பழத்தையும் குவோக் உணவாகவே கணக்கெடுப்பதில்லை. பொறுப்பேற்ற மறுநாளே மீன்தலை வந்துவிடும் என்று லாவ் நினைத்தார். ஐம்பது மாதத்துக்கு மெனு மாறாது என்று குவோக்கிடம் வாக்கு வாங்கியிருந்தார். வாக்கு வாங்கிய பிறகு பயம் கூடியது.

செப்டெம்பர் கடைசியில் ஹொங்கொங் சட்டசபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. ஒக்டோபர் முதல் கிழமை அந்தச் செய்தி ஓல்போர்க் வந்து சேர்ந்தது. லாவ் அதை இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள், திங்கட்கிழமை மூன்று மணிக்கு, மதிய வேலை முடிந்து இரவு வேலை தொடங்காத இடைவெளியில், எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். பரிசாரகி பிர்கிட்டே கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். கோப்பி இல்லாமல் கூட்டம் என்றால் அது சட்டப்படி செல்லுமா என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

அதுவரை தங்கக் கொக்கின் சட்டசபை லாவின் தலைக்குள் கூடிவந்தது. கூட்டங்கள் சுருக்கமானவை, தீர்மானங்கள் ஏகமனதானவை. இனி அது ஐந்து பேர் கொண்ட சபையாகும் என்று லாவ் அறிவித்தார். தலைவர், லாவ். நியமன உறுப்பினர், திருமதி லாவ்; அவர் முன்பும் தீர்மானித்துத்தான் வந்தார், இனி உத்தியோகபூர்வமாக. பதவிவழி உறுப்பினர், குவோக். மிச்சம் இரண்டு ஆசனங்கள் தேர்தலில்.

"ஹொங்கொங்கில் தொழில்வாரியாகக் கொடுத்திருக்கிறார்கள்," என்றார் லாவ். "வைத்தியர்களுக்கு ஓர் ஆசனம், ஆசிரியர்களுக்கு ஒன்று. இங்கே மேசைத் தொகுதி ஒன்று, கோப்பைத் தொகுதி ஒன்று."

"அதென்ன, எல்லா ஆசனங்களுக்கும் தேர்தல் இல்லையா?" என்று பிர்கிட்டே கேட்டாள்.

"ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றைக் கெடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்."

"எதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக?"

"1988 ஜூலை வரைக்கும்."

கத்தி தீட்டிக்கொண்டிருந்த குவோக் தலை நிமிராமல் சொன்னார்: "பதினெட்டு வருஷம் யாரையும் கேட்காமல் நடத்தினீர்கள். என் கைக்கு வரப்போகிற நேரத்தில் உங்களுக்கு ஜனநாயகம் ஞாபகம் வருகிறது."

"இரண்டும் வேறு வேறு விஷயம்," என்றார் லாவ்.

தொட்டியடியில் தேவதாசனுக்குப் பக்கத்தில் நின்றவன் மகேந்திரராசா. இருபத்தெட்டு வயது, மரக்கறி வெட்டுவதும் சட்டி உரசுவதும் அவன் வேலை. கோப்பைத் தொகுதியின் மொத்த வாக்காளர்கள் இந்த இருவரும்தான்.

"தாசண்ணை," என்றான் மெதுவாக, "இந்தாள் வெள்ளைக்காரனிட்ட நல்லாப் படிச்சிருக்கு."

"எங்களுக்கும் உப்பிடித்தான் தந்தவங்கள். முதல் நியமன ஆக்கள். பிறகு படிச்ச இலங்கையருக்கெண்டு ஒரே ஒரு ஆசனம். பிறகு இன்னும் கொஞ்சம்."

"பிறகு?"

"பிறகு நீரும் நானும் இஞ்ச நிண்டு கோப்பை கழுவுறம்."

சபைக்கு எதையும் பேச அதிகாரம் உண்டு என்று லாவ் சொன்னார். விலை, சம்பளம், மெனு, கடை திறக்கும் நேரம் தவிர. எஞ்சியவை லீவும் கை துடைக்கும் துவாயும் வானொலியும். லீவு என்ற சொல் வந்ததும் தேவதாசன் வாய்க்குக் கொண்டுபோன கோப்பியைக் கீழே வைத்தார். மகேந்திரராசா அதைக் கண்டான்.

"அண்ணை, நீங்கள் போங்கோ சபைக்கு. ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கோ. எனக்கு ஒரு ஆசனமும் வேண்டாம், நிண்டு வேலை செய்யுறதுதான் எனக்குச் சுகம்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரே ஒருவர் நின்றால் அது தேர்தல் இல்லை என்று லாவ் பிடிவாதமாக நின்றார். மேசைத் தொகுதியில் பிர்கிட்டே தனி ஆள்; அங்கே வழியில்லை. கோப்பைத் தொகுதியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே இரண்டு வேட்பாளர்கள். மகேந்திரராசாவையும் எழுதிக்கொண்டார்.

தேர்தலை நடத்தத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். தேவதாசன் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வேறு மனிதராகிவிட்டார். இறால் அப்பளத் தகரத்தைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். குவோக் மட்டும் உள்ளே கையை விட்டு, அப்பளம் இல்லை என்று உறுதிப்படுத்தினார். தேவதாசன் வாக்குப் போடத் துளை வெட்டிய மூடியின் விளிம்பில் பிறந்தநாள் மெழுகுதிரியை உருக்கி முத்திரை வைத்தார். இரட்டை வாக்கைத் தடுக்க இடது சின்னிவிரலில் சோயா சோஸ் பூசினார். மூன்றே மூன்று வாக்காளர்கள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று திருமதி லாவ் கேட்டார். "முறை என்று ஒன்று இருக்கிறது, மேடம்," என்றார் தேவதாசன். அவ்வளவு உறுதியாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

இரகசிய வாக்கெடுப்புக்குக் குளிர் அறை. முதலில் பிர்கிட்டே உள்ளே போய், கதவு சாத்தமுன்னரே திரும்பி வந்தாள். பிறகு மகேந்திரராசா. கடைசியில் தேவதாசன்.

உறைந்த வாத்துகள் இரண்டு வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தேவதாசன் தாளை ஒரு பெட்டியின்மேல் வைத்துப் பென்சிலை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கிருபாமலரும் பிஸ்கற் ரின்னும் நினைவுக்கு வந்தன. 'தே' என்று எழுதப்போகையில் கைதூக்கி நினைவுக்கு வந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். யாரும் பார்க்கவில்லை என்பது தேவதாசனுக்குத் தெரியும். ஆனால் தான் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரியும். மகேந்திரராசா என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி, நான்காக மடித்தார். நான்கு தேர்தல்களில் ஆயிரக்கணக்கான வாக்குகளை எண்ணிய மனிதர், இரண்டு வாக்குகளைக் கூட்டிப் பார்க்காமல் வெளியே வந்தார்.

எண்ணிக்கை அதிக நேரம் எடுக்கவில்லை. மேசைத் தொகுதி: பிர்கிட்டே, ஒன்று.

"உனக்கு நீயே போட்டாயா?" என்று லாவ் கேட்டார்.

"வேறு யாருக்கு? நாற்பத்தொரு வருடமாக என்னை எனக்குத் தெரியும்," என்றாள்.

கோப்பைத் தொகுதி: தேவதாசன், ஒன்று. மகேந்திரராசா, ஒன்று.

மகேந்திரராசா சோயா சோஸ் விரலை நீட்டியபடி நின்றான். "அண்ணை, நான் உங்களுக்குத்தான் போட்டனான்."

"ம்."

"அப்ப எனக்குப் போட்டது ஆர்? உள்ளுக்க போனது நாங்கள் ரெண்டு பேர்தான். மற்றது வாத்து."

"அது இரகசிய வாக்கு, மகேன்," என்றார் தேவதாசன், தகரத்தைப் பார்த்தபடி.

வாக்குகள் சமமானால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று இலங்கைச் சட்டத்தில் இருப்பது தேவதாசனுக்கு மனப்பாடம். அதைச் சொன்னால் தனக்கு ஆசனத்தில் ஆசை என்று நினைப்பார்கள் என்று சொல்லவில்லை. லாவ் பத்திரிகையைப் புரட்டினார். அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில், கோப்பைத் தொகுதி சுயாட்சிக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்றும், பக்குவப்படும் வரைக்கும் அதன் பதில் உறுப்பினராகத் தானே இருக்கப்போவதாகவும் அறிவித்தார். பதினெட்டு வருடச் சர்வாதிகாரத்தில் அவரிடம் ஒரு ஆசனம்தான் இருந்தது. சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டு.

வீட்டில் கிருபாமலர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெண்டியளோ?"

"சமன்."

"மகேன் தனக்குத்தான் போட்டவனோ? அப்பிடிப்பட்ட பெடியன் இல்லையே அவன்."

தேவதாசன் சப்பாத்தைக் கழற்றுவதில் கவனமாக இருந்தார். கிருபாமலர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இஞ்சாருங்கோ, என்னைப் பாருங்கோ. நீங்களோ அவனுக்குப் போட்டது?"

"தனக்குத் தான் போடுறது ஒரு அழகே, மலர்?"

"அழகாத்தான் இருக்கு. அவன் உங்களுக்கு, நீங்கள் அவனுக்கு, சீனன் தனக்கு. இனி நேசராஜா அண்ணைக்குப் பெரிய ரின்னா ஒண்டு வாங்கிக் குடுப்பம்."

வெட்டிய துணியை ஒரு மணித்தியாலம் மெசினில் அடித்தார். பின்னர் கிருபாமலர் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்கெண்டு கேக்கத் தெரியாது. சரி. கச்சேரியில ஊராற்ற மனுவெல்லாம் எழுதிக் குடுத்தனீங்கள்தானே. எனக்கொரு மனு எழுதுங்கோ."

"ஆருக்கு?"

"கோப்பைத் தொகுதிக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறாரெல்லே. அவருக்கு. வாக்காளற்ற பெண்சாதி எழுதுறன் எண்டு போடுங்கோ."

தேவதாசனின் முகம் மாறியது. இது வேறு விஷயம். இது பிறத்தியாருக்குச் செய்யும் வேலை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கச்சேரி ஆங்கிலத்தில் மூன்று பக்கம் வந்தது. கோப்பைத் தொகுதியின் கௌரவ பதில் உறுப்பினர் அவர்களின் மேலான சமுகத்துக்கு, அவருடைய வாக்காளர் ஒருவரின் மனைவி மிகத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்று தொடங்கி, 'கௌரவ' என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது. கோரிக்கை இரண்டே வரி: ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை மேற்படி வாக்காளரைத் தபேலா அடிப்பதற்காக விடுவித்தருள வேண்டும்; பிந்திய நேரத்துக் கோப்பைகளை அவர் திரும்பி வந்து கழுவிக் கொடுப்பார்.

அடுத்த திங்கள் சபை கூடியது. மனுவை வாசிக்க லாவ் எழுந்தபோது பிர்கிட்டே கையை உயர்த்தினாள்.

"நீங்கள் இப்போது எந்த உறுப்பினராகப் பேசுகிறீர்கள்? தலைவராகவா, கோப்பைகளுக்காகவா?"

லாவ் யோசித்தார். நியாயமான கேள்வி. தலைமைக் கதிரையை விட்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த மரக்கறிப் பெட்டியில் அமர்ந்து வாசித்தார். லாவை அவருடைய வாழ்நாளில் யாரும் கௌரவ என்று அழைத்ததில்லை. ஐந்தாவது 'கௌரவ'வில் குரல் கனத்தது. ஒன்பதாவதில் முதுகு நிமிர்ந்தது. கடைசிப் பந்தியை உருக்கமாக வாசித்து முடித்து, எழுந்து போய்த் தலைமைக் கதிரையில் அமர்ந்து, "முடியாது. கோப்பை காத்திருக்காது," என்றார்.

"வாக்கெடுப்பு," என்றாள் பிர்கிட்டே. "நான் ஆதரவு."

"நான் எதிர்," என்றார் தலைவர்.

"நானும் எதிர்," என்றார் திருமதி லாவ்.

"இனிக் கோப்பைத் தொகுதி," என்றாள் பிர்கிட்டே.

"அதுவும் நான்தானே. எதிர்."

"அப்படி முடியாது. எங்கள் தொழிற்சங்கத்தில் வேலையாட்களின் பிரதிநிதி என்றால் அவர்கள் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு முன்னால் இரண்டு வாக்காளர்கள் நிற்கிறார்கள். கேளுங்கள்."

"என்னை யாரும் அனுப்பவில்லை. நான் என்னை நியமித்தேன்."

"அப்படியானால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்."

லாவ் பெட்டியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மூன்று பக்கங்களைப் பார்த்தார். கௌரவத்தை இவ்வளவு விரைவில் இழக்க அவருக்கு மனம் வரவில்லை. மறுபடி எழுந்து வந்து பெட்டியில் அமர்ந்து வாக்காளர்களைப் பார்த்தார். மகேந்திரராசா பலமாகத் தலையாட்டினான். தேவதாசன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார். "மனைவியின் மனு, சேர்," என்றார். அவருடைய அளவில் அது ஒரு முழக்கம்.

"ஆதரவு," என்றார் கோப்பைத் தொகுதியின் பதில் உறுப்பினர், தலைமைக் கதிரையைப் பார்க்காமல்.

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் குவோக்கைப் பார்த்தார்கள். குவோக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"1988க்குப் பிறகு என்ன நடக்குமோ என்று இங்கே சிலருக்குப் பயமாம்," என்றார். "பயப்பட வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆதரவு."

மூன்றுக்கு இரண்டு. பிர்கிட்டே கேக்கின் பெரிய துண்டைத் தேவதாசனின் தட்டில் வைத்தாள்.

"அப்போது ஞாயிறு மதியம் கோப்பை கழுவுவது யார்?" என்றார் திருமதி லாவ். தோற்றாலும் கணக்கு விடாத பெண்மணி. "மகேனுக்கு மரக்கறி இருக்கிறது. வேறு ஆள் எடுக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை."

திருமதி லாவ் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தொகுதிக்கு உறுப்பினர் இருக்கிறாரே," என்றார்.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்குப் பின்மண்டபத்தில் தபேலா பேசியது. நேசராஜா பிஸ்கற் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற அதிகாரியைப்போல் அமைதியாக இருந்தார். கிருபாமலர் மூன்றாம் சரணத்துக்குப் போனபோது தாளமும் கூடவே போனது. பாட்டு முடிந்ததும் அவர் திரும்பிப் பார்த்த பார்வைக்காகத் தேவதாசன் இன்னும் ஆறு பாட்டு அடித்திருப்பார்.

அதே நேரம் தங்கக் கொக்கில் லாவ் முழங்கை வரை நுரையில் நின்றார். குவோக் வேண்டுமென்றே ஒவ்வொரு உணவையும் இரண்டு தட்டில் அனுப்பினார். ஒரு மணித்தியாலம் கழித்து லாவ் ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"மகேன், எல்லாத் தட்டிலும் மூங்கில் தளிர் திரும்பி வருகிறதே?"

"ஓம், சேர். ஒருதரும் சாப்பிடுறதில்லை."

"எவ்வளவு காலமாக?"

"நான் வந்த நாள் துவங்கி."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

இதை அவன் பாதி டெனிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னான். சொன்ன தொனி மட்டும் தமிழ். அடுத்த சபைக் கூட்டத்தில் கோப்பைத் தொகுதி உறுப்பினர் கொதித்துப் பேசினார். தண்ணீர்க் குழாய் கட்டையாக இருக்கிறது என்றார். காலுக்கடியில் ஒரு றப்பர் விரிப்புக்கூட இல்லை, பதினெட்டு வருடமாக இந்த நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்டார். தலைவர் கதிரைக்குப் போய், கவனிப்பதாக உறுதியளித்தார். உறுதியளித்தது போதாது என்று பெட்டிக்குத் திரும்பி வந்து சொன்னார். விரிப்பு வந்தது. நீளமான குழாய் வந்தது. தேவதாசனின் கைக்கு அளவான கையுறை வந்தது.

ஆறு ஞாயிறுகளுக்குப் பிறகு, நவம்பர் கடைசித் திங்கள், லாவ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கோப்பைத் தொகுதி இப்போது பக்குவப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். உடனே இடைத்தேர்தல். பழைய வேட்பாளர்கள் இருவரும் நிற்கலாம். தான் விலகிக்கொள்வதாகவும் சொன்னார்.

"தொகுதியில் வேலை செய்கிற யாருக்கும் வாக்களிக்கலாம்தானே?" என்று பிர்கிட்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆமாம், ஆமாம், யாருக்கும்," என்றார் லாவ். அவருக்கு அவசரம்.

தகரம் வந்தது. மெழுகு வந்தது. சின்னிவிரலில் சோயா சோஸ் ஏறியது. மகேந்திரராசா குளிர் அறையிலிருந்து வரும்போது முகத்தை மிகவும் கஷ்டப்பட்டு நேராக வைத்திருந்தான். தேவதாசன் உள்ளே போனார். வாத்துகள் அப்படியே தொங்கின. ஆசனத்துக்குப் போகிறவருக்கு ஞாயிறு மதியத் தொட்டியும் சேர்ந்து வரும் என்பது இந்தமுறை அவருக்குத் தெரியும். திருமதி லாவ் அதைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். தன் பெயரையும் யோசித்தார், மகேனின் பெயரையும் யோசித்தார். பிறகு, மரியாதையும் விருப்பமும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான சந்தோஷத்தோடு, பென்சில் தடையில்லாமல் ஓடியது.

தெரிவத்தாட்சி அலுவலர் தேவதாசன் முத்திரையை உடைத்து இரண்டு தாள்களையும் விரித்து, கச்சேரிக் குரலில் முடிவை அறிவித்தார்.

"லாவ், இரண்டு. ஏனையோர், இல்லை."

குவோக் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த சட்டி அதிர்ந்தது. பிர்கிட்டே கைதட்டினாள். தங்கக் கொக்கின் வரலாற்றில் தனக்குத் தானே வாக்குப் போடாமல், முழுத் தொகுதியும் ஏகமனதாகத் தெரிவுசெய்த ஒரே உறுப்பினர் லாவ்தான். ஹொங்கொங்கிலும் அப்படி ஒரு வெற்றி யாருக்கும் கிடைத்திருக்காது.

"நான் இதற்குத் தகுதியில்லாதவன்," என்றார் லாவ், இடுப்பைக் காட்டி.

தேவதாசன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உண்மையாகவே தகுதியில்லாதவன்," என்றார் லாவ், தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களைக் காட்டி.

தேவதாசன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்கிறேனே, எனக்குத் தகுதி இல்லை," என்றார் லாவ், எதையும் காட்டாமல்.

தேவதாசன் முன்னால் வந்து, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.